சிட்டை இல்லாத காலை

ஜெயப்பிரியா முதலில் வரைந்த கம்ப்யூட்டர் திரையில் மேலே ஒரு சிவப்புப் பட்டை இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுகிற பட்டை. அதைப் பார்த்துவிட்டு லிங்கராஜ் அண்ணாச்சி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை, சிகரெட்டும் இல்லை. பேசாமல் இருப்பதற்கு அவர் எந்தச் சாக்கும் தேடுவதில்லை. கீழே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலிருந்து வார்னிஷ் வாடை மாடிக்கு ஏறி வந்துகொண்டிருந்தது.

"இது எதுக்கும்மா?" என்றார் கடைசியில்.

"சிட்டை நின்னுருக்குன்னு காட்டுததுக்கு, அண்ணாச்சி. அது நின்னுருக்க நேரம் பூரா இந்தப் பட்டை இருக்கும்."

"எங்கெங்க இருக்கும்?"

"நாலு ஆபீஸ்லயும். எல்லாக் கம்ப்யூட்டர்லயும்."

அவர் ஹரிஹரசுதனைப் பார்த்தார். ஹரிஹரசுதன் நாற்காலியில் லேசாக அசைந்து உட்கார்ந்தான்.

அண்ணாச்சிக்குக் கோவில்பட்டியில் ஒன்றும், பசுவந்தனையிலும் ஓட்டப்பிடாரம் பக்கத்திலுமாக மூன்றும் தீப்பெட்டி ஆபீஸ்கள் இருந்தன. தொழிற்சாலை என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றும் தன் ஆட்களின் வருகையைத் தானே வைத்துக்கொள்ளும். மத்தியானம் போன் லைன் வழியாக நாலும் ஒன்றோடொன்று பேசி, எல்லாருடைய தகவலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல ஆகிவிடும். பெங்களூரில் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டதும் ஊர் திரும்பி, இந்த மாடியை வாடகைக்குப் பிடித்து, ஹரிஹரசுதன் செய்த முதல் பெரிய வேலை இது. மனிதர்கள் பார்க்கிற திரைகளெல்லாம் ஜெயப்பிரியாவின் பொறுப்பு. அது இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். ஆபீஸ்களில் வருகைக்கு வைத்திருந்த காகிதப் பேரேட்டை அண்ணாச்சி அந்தத் தை மாதமே நிறுத்திவிட்டார்.

ஹரிஹரசுதனின் டேட்டாபேஸ் எந்தப் பதிவையும் நேராகக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைக்காது. 'இதை இங்கே வைக்கப்போகிறேன்' என்று டிஸ்கின் ஓரத்தில் முதலில் எழுதிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வைக்கும். நடுவில் மின்சாரம் போனாலும், திரும்பி வந்ததும் அந்த ஓரத்தை வாசித்து விட்டதை எடுத்து நிரப்பிக்கொள்ளும். அவன் அதை லாக் புக் என்றான். அண்ணாச்சிக்கு விளங்கும்படி சொல்ல ஜெயப்பிரியா சிட்டை என்றாள். அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. நடந்ததை நடந்த கையோடு சிட்டையில் குறித்துக்கொள்வதும், கடை அடைத்தபின் ஆற அமரப் பேரேட்டில் ஏற்றுவதும் அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தது. அண்ணாச்சிக்கு ஒரே சொல்லில் விளங்கிவிட்டது. விளங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, அதை நிறுத்த முடியுமா என்பது.

காரணம் காலை நேரம். வேன்களிலிருந்து பெண்கள் மொத்தமாக இறங்குவார்கள். வாசல் ஜன்னலில் நின்று பேர் சொல்லவேண்டும். பழைய டிஸ்க் ஒவ்வொரு பேருக்கும் சிட்டை எழுதி முடிப்பதற்குள் வரிசை வேப்பமரத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடும். குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகிக் கட்டை அடுக்க உட்காரவேண்டிய கைகள் வெயிலில் சும்மா நிற்பதை அண்ணாச்சியால் பார்க்க முடியவில்லை. கோவில்பட்டியில் தன் மேசையிலிருந்தே நாலு ஆபீசுக்கும் சேர்த்துச் சிட்டையை நிறுத்தவும் போடவும் ஒரு சுவிட்ச் வேண்டும் என்றார். நின்றிருக்கும்போது பேர்கள் கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கும். மத்தியானம் போன் பேசும்போது மொத்தமாக எழுதப்படும்.

"சிவப்பு வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. "தீப்பெட்டி ஆபீஸ்ல சிவப்பு எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? வாளி சிவப்பு, வெளக்கு சிவப்பு. வரிசையில நிக்கும்போது ஒருத்தி கண்ணுல பட்டாப் போதும், ஓடுவா. ஒருத்தி ஓடினா அத்தனை பேரும் ஓடுவாளுவ. யாரு போய்க் கூட்டியார?"

"அப்ப மஞ்சள் வச்சிருதேன்."

"மஞ்சளும் வேண்டாம்."

அவள் திரையின் கீழ்ப்பகுதியைக் காட்டினாள். சிட்டை ஓடும்போது ஒவ்வொரு பேருக்கும் எதிரில் பச்சை எழுத்தில் 'பதிந்தது' என்று வரும். நின்றிருக்கும்போது அதே இடத்தில் 'நினைவில் மட்டும்' என்று வரும்படி வைத்திருந்தாள்.

"நினைவில் மட்டும்னு போட்டா பசுவந்தனைக் கண்ணுசாமி எனக்குக் காலையில நாலு தடவை போன் போடுவான். முதலாளி, நினைவில் மட்டும்ங்குதே, என்ன செய்யட்டும்பான். அவனுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"கரண்டு போனா அந்தப் பேரெல்லாம் போயிரும் அண்ணாச்சி. பதியாததைப் பதிந்ததுன்னு காட்டினா…"

"யு.பி.எஸ். இருக்குல்லா" என்றான் ஹரிஹரசுதன்.

"பசுவந்தனையில பாட்டரி செத்துக் கெடக்கு சார்."

"வாங்கிக் குடுத்துருவோம்" என்றார் அண்ணாச்சி. பிறகு எதையோ நினைத்துச் சிரித்தார். "எங்கய்யா காலத்துல ஒரு கணக்கப்பிள்ளை இருந்தாரு. சிட்டையே எழுத மாட்டாரு. வந்த சரக்கு, போன சரக்கு எல்லாம் தலைக்குள்ள. பொழுது சாயத்தான் பேனாவைத் தொடுவாரு. ஒரு நாள் மத்தியானம் நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு விழுந்தாரு. அவ்வளவுதான்."

"பெறவு?"

"பெறவு என்ன? அன்னைக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவுன்னு நாங்க சொன்னதுதான் கணக்கு. ஒரு பய வாயைத் தெறக்கலை."

ஹரிஹரசுதனும் சிரித்தான். ஜெயப்பிரியா சிரிக்கவில்லை என்பதை அண்ணாச்சி கவனித்தார். கவனித்தேன் என்பது அவளுக்குத் தெரியும்வரை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அவர்கள் சொன்னதைத்தான் அவள் செய்தாள். ஆனால் அரைமனதாகச் செய்யவில்லை. பிற்பாடு அவளை அதிகம் உறுத்தியது அதுதான். பட்டையை எடுத்தாள். 'உறுதியா?' என்ற கேள்வியை எடுத்தாள். நேரமானால் சிட்டை தானே திரும்ப ஓட ஆரம்பிப்பதை எடுத்தாள். யார் நிறுத்தினார், எப்போது நிறுத்தினார் என்று குறிப்பதையும், கேட்பாரில்லை என்று எடுத்தாள். அண்ணாச்சியின் திரையில் மட்டும் ஒரு மூலையில் 'சிட்டை: உண்டு / இல்லை' என்று மிஞ்சியது. ஒரே ஒரு தட்டு. எடுக்க எடுக்க அழகாகிக்கொண்டே வருகிற ஒரு பொருளைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பதிந்தது' என்பதன் பச்சையை, கண் மங்கிய பெண்களுக்கும் ஜன்னலுக்கு வெளியிலிருந்து தெரியும்படி இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். அது மட்டும் யாரும் கேளாமல் அவளாகச் செய்தது.

சோதித்துப் பார்க்க அவள்தான் பசுவந்தனைக்குப் போனாள். கண்ணுசாமி கீபோர்டில் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த ஆபீசின் கணக்கப்பிள்ளை. பாதிப் பேர் அவருக்குச் சொந்தம். அவள் பின்னால் நின்று பார்த்தாள். கோவில்பட்டியில் சிட்டையை நிறுத்தியிருந்தார்கள். வரிசை கடகடவென்று நகர்ந்தது. பேர் சொல்கிறார்கள், பச்சை வருகிறது, போகிறார்கள்.

ஒருத்தி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த டி.வி.யில எங்க மூஞ்சியெல்லாம் வராதாக்கா? வெறும் பேருதானா?"

"உன் மூஞ்சி வந்தா இது அவிஞ்சு போவும்ட்டி. போ உள்ள" என்றார் கண்ணுசாமி.

"நாள் பூரா உங்க மூஞ்சியப் பாத்தே அவியாமத்தான இருக்கு மாமா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏட்டி முத்துச்செல்வி, நகரு. உன் கல்யாணப் பேச்சை அங்கன வச்சிக்க" என்றாள் ஒருத்தி. முத்துச்செல்வி நகரவில்லை. கழுத்தை நீட்டித் தன் பேரைத் திரையில் தேடினாள்.

"பதிஞ்சிட்டாக்கா? நான் வந்ததா இருக்குல்லா?"

கண்ணுசாமியைக் கேட்கவில்லை. ஜெயப்பிரியாவைக் கேட்டாள்.

"இருக்கு" என்றாள் ஜெயப்பிரியா.

முத்துச்செல்வி தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஜெயப்பிரியா அன்று திரும்பி வரும் பஸ்ஸில் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அறுவடை முடிந்து காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். தான் சொன்னது பொய்யா என்று யோசித்தாள். மத்தியானத்துக்குமேல் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. இதற்கு நடுவில் இருக்கும் நேரத்துக்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊர் வந்துவிட்டது.

பாட்டரி வரவில்லை. காலையில் நிறுத்தப்பட்ட சிட்டையை மத்தியானம் திரும்பப் போடவேண்டும் என்ற ஏற்பாடு சில நாட்கள் நடந்தது. பிறகு அண்ணாச்சி மறந்தார். அதற்குப் பிறகு மறக்கவும் இல்லை. வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்.

சித்திரையில் தீ பிடித்தது. மருந்து முக்கிக் காயவைத்த கட்டைகளை அடுக்கியிருந்த அறையில், கட்டையோடு கட்டை உரசியிருக்கவேண்டும். காலை வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. புகையைப் பார்த்ததும் கண்ணுசாமி ஓடிப்போய் முதல் காரியமாக மெயினை இறக்கினார். தீப்பெட்டி ஆபீசில் தீ என்றால் எல்லாருடைய கையும் முதலில் போகிற இடம் அதுதான். இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸ் விளையாட்டு விளையாடும்போதுகூட ஒருத்தன் ஓடிப்போய் மெயினை இறக்குவான். ஜெயப்பிரியாவும் அந்த விளையாட்டை விளையாடியவள். திரை வரைந்த நாட்களில் அவள் மின்வெட்டை யோசித்தாள், இடியை யோசித்தாள், எலி வயரைக் கடிப்பதைக்கூட யோசித்தாள். தீப்பெட்டி ஆபீசுக்காக உட்கார்ந்து வரைந்தவள் தீயை யோசிக்கவில்லை.

சாயங்காலம் கண்ணுசாமி போன் செய்தார். அவர் குரல் ரொம்ப நிதானமாக இருந்தது.

"தாயி, இன்னைக்குக் காலை வருகை காலியா இருக்கு. ஒரு பேரும் இல்லை."

"ஆளுக எப்படி இருக்காங்க?"

"எல்லாம் வெளிய வந்துட்டாளுவ. பெத்தம்மா மவ மட்டும் உள்ள மாட்டிக்கிட்டா. முத்துச்செல்வி. ரெண்டு கையும் கழுத்தும். பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருக்கு." இருமிவிட்டுக் கேட்டார். "காலையில எல்லாருக்கும் பச்சை வந்துச்சு தாயி. நான் பாத்தேன். எங்க போச்சு?"

அவர் போனை வைக்கவில்லை. லைன் தானே அறுந்துபோகும்வரை அவளும் ரிசீவரைப் பிடித்திருந்தாள்.

மறுநாள் காலை அண்ணாச்சியின் கார் வந்தது. ஹரிஹரசுதனும் அவளும் ஏறிக்கொண்டார்கள். ஆபீஸ் முற்றத்தில் நனைந்த சாம்பலை மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் அறைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

"முதல்ல சிட்டையைப் போடச் சொல்லு" என்றான் ஹரிஹரசுதன். "இப்ப எழுதுதது எதுவும் போயிரக் கூடாது." சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவள் கோவில்பட்டிக்குப் போன் போட்டுச் சொன்னாள். பிறகு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து தன் பேரைக் கொடுத்துத் திறந்தாள். திரையில் ஆட்களின் பேர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் வந்தார் அல்லது வரவில்லை என்று தட்டவேண்டும். கண்ணுசாமி அவள் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே வந்தார். வந்தா. வந்தா. இவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தா, வரலை. வந்தா. அண்ணாச்சி ஜன்னலோரம் நின்று வெளியே சாம்பல் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துச்செல்வி என்ற பேர் வந்தது. கண்ணுசாமி நிறுத்தினார்.

"அவ வேலைக்கு வரலை" என்றார் அண்ணாச்சி, திரும்பாமல்.

"அண்ணாச்சி, அவ…"

"கூட்டாளிப் பொண்ணு ஒருத்திக்குச் சோறு கொண்டாந்தா. போகக் கூடாத ரூமுக்குப் போனா. அவளாலதான் தீயே. ஏலே கண்ணுசாமி, வந்தாளா?"

கண்ணுசாமி தரையைப் பார்த்தார். "வரலை முதலாளி."

"கேட்டுக்கிட்டியா? அவன் இந்த ஊர்க்காரன். அவளுக்கு மாமன் முறை. அவனே சொல்லுதான். உனக்கு என்னம்மா வந்துச்சு? பாத்திரக்கடை வீட்டுப் பிள்ளை, பொழைக்கத் தெரிஞ்ச பிள்ளைன்னு நெனச்சேன்."

ஜெயப்பிரியாவின் விரல் கீபோர்டின் மேல் நின்றது. அவளையும் சேர்த்து அறையில் இருந்த மூன்று பேரும் அந்த விரலுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எந்தப் பிறகு என்று நினைக்கவில்லை. தட்டினாள். பச்சையில் 'பதிந்தது' என்று வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அந்த ஆபீசில் அந்தச் சொல் உண்மையாக இருந்தது அன்றுதான்.

"ம், அடுத்த பேரு" என்றார் அண்ணாச்சி.

அடுத்த வாரம் முத்துச்செல்வியின் அம்மா பெத்தம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். மெலிந்த, கறுத்த பெண். ஒரு மஞ்சள் பை. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. ஹரிஹரசுதன் அவளைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டான்.

"கம்ப்யூட்டர் செஞ்ச பொண்ணு நீதானா தாயி?"

"நான்தான்."

"எம்மவ சொன்னா. அந்த அக்காகிட்டப் போயிக் கேளு, அவிய நல்லாப் பேசுவாவன்னா. அன்னைக்குக் காலையில அவ பேருக்குப் பச்சை வந்துச்சாம். அவ பாக்காம உள்ள போகவே மாட்டா. அது அவளுக்கு ஒரு கிறுக்கு. இப்ப வேலைக்கே வரலைங்காவ. தீ வச்சது அவதாங்காவ. போலீஸ்காரன் ஆஸ்பத்திரிக்கே வந்துட்டான்." அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "தோல் எடுத்து வைக்கணுமாம். வேலைக்கு வந்தவன்னு இருந்தா ஆபீஸ்ல பாத்தாகணும். இல்லைன்னா நான் எங்க போவேன். ஆபீசர் விசாரணைக்கு வாராராம். அதுக்குள்ள அந்தப் பச்சையைத் தேடிக் குடுத்துரு. கம்ப்யூட்டர்ல போட்டது எங்கயாவது இருக்கும்லா?"

"தேடுதேன்" என்றாள் ஜெயப்பிரியா.

அது எங்கும் இல்லை என்பது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. டிஸ்கின் ஓரத்தில் இல்லை. மற்ற மூன்று ஆபீஸ்களிலும் இல்லை. அன்று மத்தியானப் போன் பேச்சு நடக்கவே இல்லை. சிட்டை நின்றிருந்தது என்பதற்கும் அடையாளம் இல்லை. ஆனாலும் பெத்தம்மாள் படியிறங்கிப் போன பிறகு அவள் உட்கார்ந்து தேடினாள். கிடைக்காது என்று தெரிந்தே தேடுவதில் ஒரு ஆறுதல் இருந்தது. அது அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது.

விசாரணை பசுவந்தனை ஆபீசிலேயே நடந்தது. தொழிற்சாலை ஆய்வாளர் வெளியூர்க்காரர், நடுவயது, கண்ணாடியை அடிக்கடி துடைப்பவர். அவர் முன்னால் அன்றைய வருகையின் அச்சுப்பிரதி இருந்தது. ஒருபக்கம் அண்ணாச்சி, ஹரிஹரசுதன், கண்ணுசாமி. சுவரோரம் பெத்தம்மாள். கட்டை அடுக்கும் பெண்கள் மூன்று பேரை அழைத்துவந்து கேட்டார்கள். அன்று காலை முத்துச்செல்வி உங்களோடு வேனில் வந்தாளா?

"பாக்கலை சார்" என்றாள் முதலாமவள். மற்ற இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். கண்ணுசாமியும் வரலை என்றார். ஆபீஸ் எப்போது திரும்பத் திறக்கும் என்று அண்ணாச்சி இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. திறக்கும்போது யார் யாருக்கு இடம் என்றும் சொல்லவில்லை. பெத்தம்மாள் அவர்களை வையவில்லை. ஒவ்வொருத்தியும் வெளியே போகும்போது அவள் முகத்தை மட்டும் பார்த்தாள்.

கம்ப்யூட்டரில் தவறு வர வாய்ப்பு உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். பதில் சொல்ல ஹரிஹரசுதன் வாயெடுத்தான். ஜெயப்பிரியா முந்திக்கொண்டாள்.

"அன்னைக்குக் காலையில சிட்டை நின்னிருந்தது சார். பேரெல்லாம் ஞாபகத்துல மட்டும் இருந்தது. மெயினை இறக்கினதும் அத்தனையும் போயிட்டு. உங்க கையில இருக்கது மறுநாள் எழுதினது. முத்துச்செல்வி அன்னைக்கு வந்தா."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க பாத்தீங்களா, வந்ததை?"

"பாக்கலை சார். நான் கோவில்பட்டியில இருந்தேன்."

"சிட்டை நின்னிருந்ததுன்னு எதுலயாவது இருக்கா?"

"இல்லை சார்."

"ஏன் இல்லை?"

"அதைக் குறிக்க மாதிரி நான் வைக்கலை."

"மறுநாள் எழுதினது யாரு?"

ஆய்வாளர் அச்சுப்பிரதியைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். ஒவ்வொரு பேருக்கும் எதிரில், பதிந்தவர் என்ற இடத்தில், ஜெயப்பிரியா என்று இருந்தது. மேலிருந்து கீழ்வரை அவள் பேர்தான்.

"நான்தான் சார்."

"அந்தப் பொண்ணு வரலைன்னு எழுதினதும் நீங்கதானே?"

"எழுதச் சொன்னாங்க."

"யாரு?"

அவள் அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி கோபப்படவில்லை. வருத்தப்படுகிறவர்போல இருந்தார்.

"நான் படிக்காதவன் சார்" என்றார். "அந்த மிஷினை இன்னைக்கு வரைக்கும் தொட்டதில்லை. இவிய படிச்ச பிள்ளைய, நம்பிக் குடுத்தேன். இப்படித் தன் இஷ்டத்துக்கு எழுதும்னு கண்டனா?"

"சார், நான் அப்போ கார்ல இருந்தேன்" என்றான் ஹரிஹரசுதன். "இவங்க என்ன அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது."

அது உண்மையும்தான். கண்ணுசாமி வாயைத் திறக்கவில்லை.

ஆய்வாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குப் புரியவைக்க விரும்புகிறவராக நிதானமாகப் பேசினார்.

"அம்மா, நீங்க சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம். அப்ப இந்தக் காகிதத்தை நம்ப முடியாது. சரி. இதை நம்ப முடியாதுன்னா, அந்தப் பொண்ணு வரலைன்னு நான் எழுத முடியாது. ஆனா வந்துச்சுன்னு எழுத எங்கிட்ட என்ன இருக்கு? கூட வேலை பாக்கிறவங்க பாக்கலைங்கிறாங்க. கணக்கப்பிள்ளை வரலைங்கிறார். வந்துச்சுன்னு சொல்ற ஒரே ஆள் நீங்க. வரலைன்னு கையால எழுதினதும் நீங்க."

அவர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். பணியில் இருந்ததற்குச் சான்று இல்லை என்று எழுதினார். எழுதிய பக்கத்தைப் படித்துக்காட்டினார். அனுமதியில்லாமல் உள்ளே வந்த நபர் என்ற சொற்களும் அதில் இருந்தன. அண்ணாச்சி எல்லாருக்கும் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். ஜெயப்பிரியாவுக்கும் ஒரு பாட்டில் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் பெத்தம்மாள் முன்பே போய் நின்றுகொண்டிருந்தாள். வெயில் தணியவில்லை. ஜெயப்பிரியா அவளிடமிருந்து சற்றுத் தள்ளி நின்றாள். வெகுநேரம் பஸ் வரவில்லை. எதிரே காடு வெடித்துக் கிடந்தது. ஆட்டுக்காரன் ஒருவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வெடிப்புகளுக்கு நடுவே போனான். அவன் கண்ணுக்கு எட்டாமல் போகும்வரை இரண்டு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதும்போது அவ யாருன்னு தெரிஞ்சுதான் எழுதினியா?" என்றாள் பெத்தம்மாள். குரலில் ஒன்றும் இல்லை.

"தெரியும்."

"மூஞ்சி தெரியுமா?"

"தெரியும்."

பெத்தம்மாள் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் பாளையங்கோட்டைக்குத்தான் போறேன். நீயும் வா. வந்து அவகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா. அந்தக்கா தேடிக்கிட்டு இருக்காவ, கெடைச்சிரும்னு சொல்லிக்கிட்டே கெடக்கா. கட்டுப் பிரிக்கும்போது கத்தக்கூட மாட்டங்கா, கெடைச்சிரும்ங்கா. அந்த நெனப்பை நீயே வந்து எடுத்துட்டுப் போ."

"வாரேன்" என்றாள் ஜெயப்பிரியா.

பஸ் வந்தது. கோவில்பட்டி போய் அங்கே மாறவேண்டும். உள்ளே இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்றுதான் காலியாக இருந்தது. பெத்தம்மாள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, மஞ்சள் பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். ஜெயப்பிரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பை அங்கேயே இருந்தது.

கண்டக்டர் வந்தார். நிற்பவளையும் உட்கார்ந்திருப்பவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான வாரீய?"

"இல்லை" என்றாள் பெத்தம்மாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "அவ தனி."